மணல் ஈயும் சென்னை டாக்டரும்

நீங்கள் சென்னைக்குப் போயிருக்கிறீர்களா? நம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலில் போகிறவர்கள் எழும்பூரில் இறங்குவார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சென்ட்ரல் ரயில் நிலையம். அதன் எதிரே பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியவர்கள் அதை 'ஜி.எச்.' என்பார்கள். அதையொட்டி மருத்துவக் கல்லூரி. நூறு வருடத்துக்கும் முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறுவன் சிகிச்சைக்கு வந்தான். அவனுக்கு 12 வயது. உங்களில் பலருக்கும் அதே வயதுதான், இல்லையா?

அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. அந்த நாளில் இப்படிக் காய்ச்சல் வந்தால் மலேரியா என்று சொல்லிக் கொய்னா கொடுப்பார்கள். கொய்னா எவ்வளவு கசக்கும் என்று உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்து ஆட்களுக்குத்தான் தெரியும்! ஆனால் சென்னையில் சில நோயாளிகளுக்கு எவ்வளவு கொய்னா கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை. கை கால்கள் குச்சியாக மெலிந்துவிடும். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பும். வயிற்றின் இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. நம் கைக்குள் அடங்குகிற அளவுதான். இந்தக் காய்ச்சல்காரர்களுக்கு அது தொப்புள் வரை, சிலருக்கு அதற்கும் கீழே வரை வீங்கிவிடும். மாதக்கணக்கில் வாடி, கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இறந்துபோவார்கள்.

1903-ம் ஆண்டு ஜூன் 17-ம் தேதி ஒரு டாக்டர் அந்தச் சிறுவனின் மண்ணீரலில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் எனப்படும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முட்டை வடிவத்தில் மிகச் சிறிய பொட்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் பெரிதாக ஒரு புள்ளி, பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு.

அந்த டாக்டரின் பெயர் சார்லஸ் டோனவன்.

டோனவன் பிறந்தது நம் நாட்டில்தான். 1863-ம் ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பூர்வீகம் அயர்லாந்து. அப்பா இந்தியாவில் நீதிபதியாக இருந்தார். உடன் பிறந்தவர்கள் நிறைய பேர். இவர்தான் மூத்தவர். பள்ளிக்கூட வயதில் இவரை அயர்லாந்தில் கார்க் என்ற ஊரிலிருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மருத்துவம் படித்து 1889-ல் பட்டம் பெற்றார். இரண்டு வருடம் கழித்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தார். இந்திய மருத்துவப் பணி என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் பட்டாளத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களை அனுப்பிய அமைப்பு. முதல் சில ஆண்டுகள் பட்டாளத்தோடு அலைந்தார். 1898-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை சென்னைதான் அவருடைய ஊர். 1911-ல் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி திறந்தபோது அதன் முதல் கண்காணிப்பாளரும் அவரே.

இனி அந்தப் பொட்டுகளின் கதைக்கு வருவோம். டோனவன் அவற்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறீர்களா? இல்லை! இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலில், காய்ச்சலில் இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலைச் சோதித்தபோதும் அதே பொட்டுகள் இருந்தன. ஆனால் இறந்த உடல் அல்லவா? உயிர் போன பிறகு உடலில் என்னென்னவோ மாறும். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசியில் லண்டனில் ஒரு மருத்துவ இதழ் வெளியானது. கப்பலில் அது சென்னைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அதில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற ஊர் இருக்கிறது. இப்போது விமான நிலையம் இருக்கும் இடம். அங்கே பட்டாளத்தில் இருந்த ஒரு சிப்பாய் காய்ச்சலோடு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1900-ல் இறந்துபோனார். அவருடைய மண்ணீரலில் லீஷ்மன் இதே பொட்டுகளைப் பார்த்திருக்கிறார்! ஆப்பிரிக்காவில் தூக்க வியாதியை உண்டாக்கும் ஒரு கிருமி உண்டு. அது செத்துச் சிதைந்தால் இப்படி இருக்கலாம் என்பது லீஷ்மனின் ஊகம்.

டோனவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இது செத்த கிருமிதானா? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, உயிரோடு இருக்கும் நோயாளியிடம் தேடுவது. அதற்காகத்தான் அந்தப் 12 வயதுச் சிறுவனிடம் ரத்தம் எடுத்தார். மூச்சு விடுகிற, பேசுகிற ஒரு பையனின் உடம்பிலிருந்து எடுத்த துளியிலும் அதே பொட்டுகள் இருந்தன. ஆகவே அவை அழுகலும் அல்ல, சிதைவும் அல்ல. நோயை உண்டாக்கும் கிருமியே அவைதான்!

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அந்தச் சிறுவனுக்குக் கொடுக்க மருந்து? டோனவனிடமும் இல்லை, உலகத்தில் வேறு எந்த டாக்டரிடமும் அன்று இல்லை.

டோனவன் விஷயத்தை அதே இதழுக்கு எழுதி அனுப்பினார். ஜூலை 11-ம் தேதி அது அச்சானது. கண்ணாடித் துண்டுகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார். பாரிஸில் இருந்த லாவரான் என்ற விஞ்ஞானிக்குச் சில போயின. மலேரியாக் கிருமியை முதலில் கண்டவர் லாவரான். இங்கிலாந்தில் லிவர்பூலில் இருந்த ரொனால்டு ராஸுக்கும் சில போயின. ராஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று நம் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

உடனே ஒரு தகராறு முளைத்தது. இந்தக் கிருமி யாருக்குச் சொந்தம்? முதலில் பார்த்தவர் லீஷ்மன். ஆனால் அது உயிருள்ள புதிய கிருமி என்று அவர் சொல்லவில்லை. உயிருள்ள நோயாளியிடம் காட்டியவர் டோனவன். ஆனால் லீஷ்மனின் கட்டுரைக்குப் பிறகுதான் காட்டினார். பாரிஸ்காரர்கள் டோனவன் பெயரை மட்டும் வைத்தார்கள். அது லீஷ்மனுக்குப் பிடிக்குமா? கடைசியில் ராஸ் நம் ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துச் செய்வதுபோல ஒரு தீர்ப்புச் சொன்னார். உயிரினங்களுக்கு அறிவியலில் இரண்டு சொற்களில் பெயர் வைப்பது வழக்கம் அல்லவா? முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது சொந்தப் பெயர் மாதிரி. முதல் சொல்லை லீஷ்மனுக்கும் இரண்டாவதை டோனவனுக்கும் கொடுத்து, 1903 நவம்பரில் 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயர் சூட்டினார். இன்றும் அதே பெயர்தான்.

இந்த நோய் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்திலும் பீகாரிலும் அசாமிலும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன நோய் இது. காய்ச்சலோடு தோலும் கறுத்துவிடும் என்பதால் வடக்கே 'காலா அசார்' என்று பெயர் வைத்தார்கள். காலா என்றால் கறுப்பு. அசார் என்றால் நோய். அசாம் பக்கத்தில் காரோ மலை என்று ஒரு மலைப் பகுதி உண்டு. அங்கே வாழ்ந்த மக்கள் இதற்கு 'சர்க்கார் நோய்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். வெள்ளைக்கார சர்க்கார் வந்த பிறகு வந்த நோய் என்று அவர்கள் கணக்கு! எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். புத்தகம் படிக்காதவர்கள்கூட நோய் எப்போது, யாரோடு வந்தது என்று கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, கிருமி தெரிந்துவிட்டது. அது ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது? இந்தக் கேள்விதான் டோனவனை வருடக்கணக்கில் ஆட்டி வைத்தது.

1904-ல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் என்ற டாக்டர் இந்தக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார். உடம்புச் சூட்டில் வைக்காமல் குளிர்ச்சியாக வைத்தார். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. உருண்டைப் பொட்டாக இருந்த கிருமி நீண்டு, சாட்டை போல வால் முளைத்து நீந்த ஆரம்பித்தது! மனித உடம்பில் இந்த வால் அதற்குத் தேவையில்லை. அப்படியானால் மனிதனைவிடக் குளிர்ந்த உடம்புள்ள ஏதோ ஒரு பிராணிக்குள்ளும் அது வாழ வேண்டும். பூச்சியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் எந்தப் பூச்சி?

மூட்டைப்பூச்சி மேல்தான் முதல் சந்தேகம். ஏழை வீடு, கயிற்றுக் கட்டில், ஒரே வீட்டில் அடுத்தடுத்து நோய் என்று எல்லாம் பொருந்தி வந்தது. சென்னையில் பாட்டன் என்ற டாக்டர் நோயாளிகளை மூட்டைப்பூச்சிகளைக் கடிக்கவிட்டு, பிறகு அவற்றின் வயிற்றைப் பிளந்து பார்த்தார். கிருமி கொஞ்சம் வளர்வதுபோலத் தெரிந்தது. ஆனால் கடித்து நோயைப் பரப்பியதாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை. டோனவனின் சந்தேகம் வேறு ஒரு பூச்சி மேல் விழுந்தது. சென்னை வீடுகளில் இரவில் வந்து ரத்தம் குடிக்கும் பெரிய பூச்சி அது. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஓரத்தில் சிவப்புக் கோடுகள் இருக்கும்.

இதற்கிடையில் கடல் கடந்து ஒரு செய்தி வந்தது. இங்கே உங்கள் உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் மத்தியதரைக் கடல் இருக்கிறது. அதில் சிசிலி, மால்ட்டா, கிரீட், சைப்ரஸ் என்று பல தீவுகள். கிரேக்க நாட்டில் ஹைட்ரா, ஸ்பெட்சஸ் என்ற சின்னத் தீவுகளில் குழந்தைகளுக்கு வயிறு வீங்கி மெலியும் ஒரு நோய் வெகு காலமாக இருந்தது. தாய்மார்கள் அதைப் 'போனோஸ்' என்றார்கள். வலி என்று பொருள். மால்ட்டாவிலும் சிசிலியிலும் அதே நோய். இங்கே பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் வந்தது. அங்கேயோ பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் டூனிஸ் என்ற ஊரில் சார்லஸ் நிக்கோல் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். 1908-ல் அவர் ஒரு புதிய விஷயம் சொன்னார். அங்குள்ள நாய்களின் உடம்பிலும் இந்தக் கிருமி இருக்கிறது!

டோனவன் சும்மா இருப்பாரா? சென்னையில் நாய்களுக்கா பஞ்சம்? நூற்றுக்கணக்கான தெரு நாய்களைச் சோதித்தார். ஒரு நாயிடம்கூடக் கிருமி இல்லை. இப்படி ஒன்றும் கிடைக்காமல் போன வேலையை நாம் வீண் என்று சொல்லிவிடுவோம். ஆனால் அது எவ்வளவு பெரிய செய்தி என்று பிற்பாடு தெரிந்தது. மத்தியதரைக் கடல் தீவுகளில் கிருமி நாயிடம் தங்கி, அங்கிருந்து குழந்தைகளுக்கு வருகிறது. அது லீஷ்மேனியாவில் வேறொரு வகை. நம் நாட்டுக் கிருமிக்கோ நாய் வேண்டாம். மனிதனிடமிருந்து மனிதனுக்கே போகிறது. ஆகவே தீவுகளில் நாய்களைக் கவனிக்க வேண்டும். அங்கே இப்போது மருந்து தோய்த்த பட்டையை நாயின் கழுத்தில் கட்டிவிடுகிறார்கள். நம் நாட்டில் நோயாளியைச் சீக்கிரம் குணப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் தூக்கிக்கொண்டு போகும் பூச்சி? அதைக் கடைசி வரை டோனவன் கண்டுபிடிக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டோனவனுக்குப் பூச்சிகள் என்றால் உயிர்! வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பூச்சிகளைப் பற்றி அவ்வளவு தெரிந்தவரின் கண்ணில், அவர் இருந்த ஊரிலேயே தாவிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பூச்சி படவில்லை.

அதுதான் மணல் ஈ.

பெயரைப் பார்த்து வீட்டு ஈ மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கொசுவில் மூன்றில் ஒரு பங்கு! உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது சிறகுகளை மேல்நோக்கி விரித்தபடி வைத்துக்கொள்ளும். கொசுவைப் போலக் காதருகே பாட்டுப் பாடாது. சத்தமில்லாமல் வந்து கடிக்கும். அதிலும் பெண் ஈ மட்டும்தான் கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். உயரே பறக்கத் தெரியாது. சுவரோரமாகத் தத்தித் தத்திப் போகும். கொசு தண்ணீரில் முட்டையிடும். இது அப்படி இல்லை. மண் சுவர் வெடிப்பிலும், மாட்டுத் தொழுவத்தில் சாணம் கலந்த ஈர மண்ணிலும் முட்டையிடும். நம் செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரில் மணல் ஈக்கு வேலையே இல்லை, ஒளிய ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் கொல்லைப்புறத்துத் தொழுவச் சுவர் அப்படியா இருக்கும்?

1924-ம் ஆண்டு வாக்கில் சிண்டன் என்ற டாக்டர் ஓர் எளிய காரியம் செய்தார். இந்திய வரைபடத்தில் காலா அசார் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தார். ஒரு குறிப்பிட்ட வகை மணல் ஈ எங்கெல்லாம் இருக்கிறது என்றும் பார்த்தார். இரண்டும் பொருந்தி வந்தன! அதே சமயம் கல்கத்தாவில் நோயாளியைக் கடித்த மணல் ஈயின் வயிற்றில், வால் முளைத்த கிருமிகள் கூட்டம் கூட்டமாக நீந்துவதைப் பார்த்தார்கள்.

ஆனாலும் கடித்து நோய் வருவதை நிரூபிக்க முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? சோதனைச் சாலையில் மணல் ஈக்கு மறுபடி மறுபடி ரத்தமே கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் கிருமி சரியாகப் பெருகுவதில்லை. 1940-ஐ ஒட்டி சிலர் புதிதாக ஒன்று முயன்றார்கள். முதலில் ஒரு தடவை ரத்தம், பிறகு உலர் திராட்சை! ஆமாம், நம் பாயசத்தில் போடுகிற அதே உலர் திராட்சைதான். இனிப்பைச் சாப்பிட்ட ஈயின் உடலில் கிருமிகள் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகிவிட்டன. வெளியே மணல் ஈ செடிகளின் சாறு குடித்து வாழ்வதால், அதுதான் இயற்கை முறை. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவரும் இப்படி வளர்த்த ஈக்களைத் தாமாக முன்வந்த சிலரைக் கடிக்கவிட்டார்கள். அவர்களுக்குக் காலா அசார் வந்தது. சென்னைச் சிறுவனின் ரத்தத்தில் கிருமி தெரிந்து 39 வருடம் கழித்துக் கேள்விக்குப் பதில் கிடைத்தது!

தெரிந்தே நோயை வாங்கிக்கொள்ள அவர்கள் எப்படி முன்வந்தார்கள் என்று கேட்பீர்கள். அப்போது மருந்து வந்துவிட்டது. அது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டிமனி என்று ஓர் உலோகம் உண்டு. அந்தக் காலத்தில் கண்ணுக்கு மை தீட்ட உதவிய அஞ்சனக்கல்லில் இருப்பது அதுதான். 1915-ல் சிசிலித் தீவின் டாக்டர்கள் ஆன்டிமனி உப்பைக் கொடுத்து நோயுற்ற குழந்தைகளைப் பிழைக்க வைத்தார்கள். கல்கத்தாவிலும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அது உடம்புக்குக் கடுமையான மருந்து. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர், மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத ஒரு சின்ன அறையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உழைத்து, 1920-ல் 'யூரியா ஸ்டிபமைன்' என்ற மேலான மருந்தைத் தயாரித்தார். லட்சக்கணக்கானவர்கள் உயிர் பிழைத்தார்கள். நோபல் பரிசுக்கு அவர் பெயர் போனது, பரிசு கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி!

டோனவன் 1919 வாக்கில் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். போர்ட்டன் என்ற அழகான கிராமத்தில் வசித்தபடி, தம் பிரியமான பூச்சிகளோடு காலம் கழித்தார். அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பட்டியலிட்டு 1936-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மணல் ஈயின் குட்டு உடைந்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1951-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி அந்தக் கிராமத்திலேயே காலமானார்.

1950-களில் மலேரியாக் கொசுவை ஒழிக்க நாடு முழுவதும் வீடுகளில் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். அதில் மணல் ஈயும் சேர்ந்து செத்தது. காலா அசார் அநேகமாக மறைந்தே போனது. மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், 1970-களில் பீகாரில் மறுபடி தலை தூக்கியது. அதன் பிறகு நெடுங்காலம் போராடி, 2023 முடிவில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எல்லா வட்டாரங்களிலும் இந்தியா எட்டியது. பீகார் கிராமங்களில் மருந்து அடிப்பவர்கள் சுவரில் ஆறடி உயரம் வரைதான் அடிப்பார்கள். தத்திப் போகிற மணல் ஈக்கு அந்த உயரமே போதும். வங்கதேசம் நம்மை முந்திக்கொண்டு, இந்த நோயை ஒழித்த முதல் நாடு என்று 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கிவிட்டது.

நமக்குப் பக்கத்துத் தீவான இலங்கையில் இதே டோனோவானி கிருமி இருக்கிறது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் மண்ணீரலுக்குப் போவதில்லை. மணல் ஈ கடித்த இடத்தில் ஆறாத புண்ணாகத் தோலோடு நின்றுவிடுகிறது. ஒரே கிருமி ஓர் ஊரில் உயிரைக் குடிப்பதும் இன்னோர் ஊரில் தோலோடு நிற்பதும் ஏன் என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

உங்களில் யாராவது டாக்டருக்குப் படிக்கப் போனால், ஒரு நாள் நுண்ணோக்கியில் அந்த முட்டை வடிவப் பொட்டுகளைக் காட்டுவார்கள். அவற்றுக்கு 'எல்.டி. பாடி' என்று பெயர். எல் என்றால் லீஷ்மன், டி என்றால் டோனவன்.